மகளைப் பற்றி நான் கமராவுக்குச் சொன்னது

1

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தவன். கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது மனைவிக்குப் போட்ட கடிதமாக இருக்கும். அவள் அப்போது ஊரில் இருந்தாள், நான் நோர்வேயில் அகதி முகாமில் இருந்தேன். ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் படித்தவர்கள் எழுதுகிற பக்கங்களுக்கு நடுவே எனக்கும் ஓர் இடம் கேட்டு நிற்பது வெட்கமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். மலர்க் குழுவினரிடம் கேட்டபோது, வெளிநாட்டு அனுபவம் என்று எதையும் எழுதலாம், பனியைப் பற்றி எழுதினாலும் போதும் என்றார்கள். பனியைப் பற்றி என்னிடம் அதிகம் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் வரும்.

நான் எழுத வந்தது மூன்று நிமிடப் படத்துண்டு ஒன்றைப் பற்றி. உங்களில் பலர் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறீர்கள் என்பது இந்த முறை ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் நோர்வேயில் ஓர் இசைத் தொலைக்காட்சி போட்ட நிகழ்ச்சியிலிருந்து யாரோ வெட்டி எடுத்தது. கறுப்பு ரீசேட் போட்ட ஒரு பெண்பிள்ளை தலைமுடியை முன்னுக்கும் பின்னுக்கும் வீசுகிறாள். பிறகு முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது. நோர்வே மொழியில், பயமாக இருக்கிறது என்கிறார். கீழே யாரோ தமிழில் எழுதிவிட்டிருக்கிறார்கள்: "பேய்ப் பாட்டுக்கு அடிமையான மகள். கண்ணீர் விடும் தமிழ்த் தகப்பன்."

அந்தப் பிள்ளை என் மகள் மதுரா. அந்த ஆள் நான். நான் கண்ணீர் விடவில்லை. அவர்கள் கொண்டுவந்த விளக்கு கண்ணுக்கு நேரே இருந்தது.

2

மதுரா நாலு வயதில் தாயோடு வந்து சேர்ந்தவள். நோர்வேயின் வடக்கே கடற்கரையோரச் சிறு நகரம். நான் அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இன்றைக்கும் அதே வேலைதான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை வயலின் வகுப்பு என்று வளர்த்தோம். பதினைந்து வயதில் வயலினை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, பேஸ் கிற்றார் என்ற நாலு நரம்புக் கிற்றாரைக் கையில் எடுத்தாள். அவள் வாசிக்கிற இசைக்கு ஹெவி மெற்றல் என்று பெயர். முதலில் எனக்கு அது எங்கள் தொழிற்சாலையில் ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் சத்தம் மாதிரித்தான் கேட்டது. அதை அவளிடமே சொல்லியும் விட்டேன். அவள் கோபிக்கவில்லை.

"அப்பா, அந்த மெசினும் ஒரு தாளத்திலைதானே உடைக்குது. நாளைக்குக் கவனிச்சுக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டுப் பார்த்தேன். தாளத்தில்தான் உடைக்கிறது.

நாலு பேர் கொண்ட குழு. பழைய வலைக் கிடங்கு ஒன்றில் பழகுவார்கள். நான் என்னுடைய வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே காத்திருப்பேன். சில நாட்கள் நாலு பேரும் வீட்டுக்கு வருவார்கள். மேளம் அடிக்கிற எரிக் தோள்வரை முடி வளர்த்தவன், கையெல்லாம் பச்சை குத்தியவன். பகலில் சின்னப் பிள்ளைகளின் பாலர் பாடசாலையில் வேலை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் தன்னுடையதை மட்டுமல்ல, எல்லாருடையதையும் சோடி சோடியாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். என் மனைவி சுடுகிற உழுந்து வடைக்காக அவன் தமிழில் நன்றி சொல்லப் பழகியிருந்தான்.

ஒருமுறை அவர்களுடைய கச்சேரிக்கு உள்ளே போனேன். இளைஞர் மண்டபம், அறுபது பேர் இருப்பார்கள். கடைசியில் சுவரோடு ஒட்டி நின்றேன். பெரிய தாடி வைத்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, தன் கதிரையைத் தந்தார். காதில் அடைக்கப் பஞ்சும் தந்தார். மேடைக்கு முன்னால் பிள்ளைகள் வட்டமாக ஓடி ஒருவரை ஒருவர் இடித்தார்கள். சண்டை தொடங்கிவிட்டது என்று நான் எழும்பினேன். அப்போது ஒரு பொடியன் விழுந்தான். அவ்வளவு பேரும் அப்படியே நின்றார்கள். நாலு பேர் குனிந்து அவனைத் தூக்கினார்கள், ஒருத்தி அவனுடைய கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அவன் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு திரும்ப இடிக்கத் தொடங்கினார்கள். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்தக் கச்சேரியைத் தொலைக்காட்சிக்காரரும் படம் எடுத்தார்கள். நிகழ்ச்சியில் அந்தப் பொடியன் விழுந்ததைக் காட்டினார்கள். தூக்கியதைக் காட்டவில்லை.

3

கச்சேரி முடிந்த கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர். மெற்றல் கேட்கும் பிள்ளைகளும் அவர்களுடைய குடும்பங்களும் என்பதுதான் நிகழ்ச்சி என்றார்கள். மதுராவுக்கு அப்போது பதினேழு வயது. சந்தோசப் புளுகம் தாங்காமல் காலையிலிருந்தே யன்னலடியில் நின்றாள். மனைவி பற்றீஸ் பலகாரம் செய்து வைத்திருந்தாள்.

வெளியே நல்ல வெயில். அந்த ஊரில் அப்படி ஒரு நாள் கிடைப்பது பெரிய விசயம். வந்தவர்கள் முதலில் திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடினார்கள். பிறகு சிவப்பு விளக்கு ஒன்றைப் பூட்டினார்கள். மதுராவைத் தலைமுடி வீசச் சொல்லி ஐந்து தரம் எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்காமல் செய் என்று திரும்பவும் எடுப்பார்கள். கடைசியில் கழுத்து நோகிறது என்று நின்றுவிட்டாள். என்னைச் சாமிப் படத்தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

கேள்வி கேட்ட பெண் மென்மையாகப் பேசினாள். மகள் இப்படி உடுத்திக்கொண்டு வெளியே போகும்போது உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டாள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் நோர்வேக்குப் போன புதிதில் அகதி விசாரணைக்கு முதல்நாள், முகாமில் எனக்கு முன்னே வந்திருந்த ஒரு அண்ணை சொல்லித் தந்தார்: "தம்பி, மைக்கை முன்னாலை வைச்சுக் கேட்டினமெண்டால் கனக்க யோசியாதையும். பயம் எண்டு சொல்லும். அதுதான் உண்மை, அதுதான் உம்மைக் காப்பாத்தும்." உண்மைதான். அன்றைக்கு அந்தச் சொல் என்னைக் காப்பாற்றியது. பிறகு அந்த நாட்டில் யார் மைக்கோடு என் முன்னால் வந்து இருந்தாலும் என் வாய் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கும்.

"பயமாக இருக்கிறது" என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். கடைசி பஸ் ஒன்பதரைக்கு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு இறக்கம், குளிர் காலத்தில் றோட்டில் ஐஸ் பிடித்துக் கிடக்கும், அவளுடைய சப்பாத்து வழுக்கும் என்று. பனி வருகிற இடம் இதுதான். அவர்கள் முதல் இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

எல்லாப் பழியையும் வெட்டினவர்கள் மேல் போட என்னால் முடியாது. இரண்டாவது கேள்வியும் இருந்தது. இந்த இசை அவளை உங்களிடமிருந்து பிரித்துவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் எனக்காக உண்மையிலேயே கவலைப்படுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தவளை முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தது. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

நிகழ்ச்சி வந்த அன்று எரிக்கும் மற்ற இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்து பார்த்தார்கள். நிகழ்ச்சியின் பெயர் எழுத்திலிருந்து இரத்தம் வடிகிற மாதிரிக் காட்டினார்கள். மதுரா பிறக்க முதலே இந்த மாதிரி இசைக்காரர் சிலர் கொளுத்தின ஒரு மரத் தேவாலயத்தின் படம் வந்தது. அவளுடைய விரல்கள் கிற்றாரில் ஓடும்போது வேறு யாருடையதோ பாட்டைப் போட்டிருந்தார்கள். கடைசியில் நான் வந்து தலையை ஆட்டினேன். எரிக் எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். அடுத்த கிழமை ஒரு தாய் தன் பிள்ளையை அவனிடம் விடமாட்டேன் என்று பாலர் பாடசாலையில் சொன்னாளாம்.

4

மதுரா தொலைக்காட்சிக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினாள். எதை வெட்டினார்கள், எந்தப் பாட்டை மாற்றினார்கள், அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். வயது காணாது என்பதால் என் கையெழுத்து வேண்டும். பேசியவனும் நான்தானே.

அந்த நேரம் என் குடியுரிமை விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விண்ணப்பம் பார்க்கப்படுகிறது, எங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று ஒரே கடிதம் நாலு தரம் வந்திருந்தது. நாலையும் பிளாஸ்ரிக் பையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

"இப்ப வேண்டாம் பிள்ளை. பேப்பர் வரட்டும்."

"அது ரீவி அப்பா. அரசாங்கம் இல்லை."

"எல்லாம் சுத்திச் சுத்தி ஒரு இடத்துக்குத்தான் போய்ச் சேரும்."

"பாட்டுப் போடுற ரீவிக்குக் கடிதம் எழுதினால் பாஸ்போட் தரமாட்டினமோ? ஆர் உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஒரு இராணுவக் காவலரணில் எழுதிய பெயரை அடுத்த காவலரணில் வைத்து வாசித்த ஊரிலிருந்து வந்தவன் நான். ஒரு இடத்தில் முறைப்பாடு என்று என் பெயர் பதிந்தால், அது இன்னொரு மேசைக்குப் போய் என் கோப்பில் ஏறும் என்றுதான் நம்பினேன்.

"போட்டுக் குடுங்கோவன். பிள்ளை அழுகிறாள்" என்றாள் மனைவி.

மதுரா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் பயப்பிடுறது என்ரை பாட்டுக்கு இல்லை. உந்தப் பேப்பருக்கு. அதையெண்டாலும் சொல்லியிருக்கலாமே அவைக்கு?"

நான் கையெழுத்துப் போடவில்லை. பதினாலு மாதம் கழித்துக் குடியுரிமை வந்தது. அதற்குள் அவளுக்குப் பதினெட்டு முடிந்து, தெற்கே வேறு நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் கதைப்பாள். சாப்பிட்டீங்களா, முதுகு நோ எப்படி என்று கேட்பாள். தான் வாசிக்கிறதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்டதில்லை.

5

இந்த வருடம் அந்தப் பாஸ்போட்டில் முதல்முறையாக ஊருக்கு வர வெளிக்கிட்டேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் வாறன் என்று மதுரா தானாகவே சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை.

கொடிகாமத்தில் என் தங்கச்சி சாந்தியின் வீட்டில் நின்றோம். அவளுடைய கணவர் தவராசா, என் மச்சான், சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அவர்களுடைய வீட்டில் விடிந்தால் தொலைக்காட்சியில் பாட்டுத்தான். படப்பாட்டுகளில் காதலர் வந்தால் புல்லாங்குழல். ரவுடிகள் வந்தால் உறுமுகிற கிற்றார். மதுரா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கிற்றார் உறுமத் தொடங்கினதும் குசினியிலிருந்து, "அப்பா, என்ரை ஆக்கள் வருகினம்!" என்று கத்துவாள். தங்கச்சி சிரித்துச் சிரித்துத் தேங்காய் துருவுவாள். ஐந்து வருடத்தில் மகள் என்னோடு பகிடி விட்டது அதுதான் முதல்முறை.

வந்த இரண்டாவது நாள் வெள்ளிக்கிழமை. தங்கச்சி மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது. அவளுக்கு வயிற்றில் புண் இருப்பது எனக்குத் தெரியும்.

"ஏன் மாமி சாப்பிடேல்லை?" என்று மதுரா கேட்டாள்.

"உனக்காகத்தான் மோனை. உந்தப் படத்திலை அண்ணை நிண்ட நிலையைப் பாத்திட்டு, அண்டைக்கே அம்மனுக்கு நேந்தனான். உனக்கு உந்த நோய் வருத்தம் மாறி, நீ வந்து பங்குனித் திங்களுக்குக் கோயிலிலை பாற்செம்பு தலையிலை எடுக்குமட்டும் வெள்ளிக்கிழமையளிலை வெறும் வயிறு எண்டு. அஞ்சு வரிசம். இனி எடுத்துப்போட்டாய் எண்டால் முடிஞ்சுது."

"ஊர்ப் பேயெண்டால் கையிலை கட்டுற ஒரு மந்திர நூலோடை போயிருக்கும். இது நோர்வேப் பேய், குளிருக்குப் பழகினது. அதுதான் அஞ்சு வரிசம்" என்றார் மச்சான். பகிடிக்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மதுரா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா, மாமிக்காக நான் பாற்செம்பு எடுப்பன். எனக்கு விருப்பம்தான். ஆனா வருத்தக்காரியா எடுக்கமாட்டன். முதல் நீங்கள் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் இல்லையெண்டு. எல்லாருக்கும் முன்னாலை. நான் சொன்னா நம்பமாட்டினம். உங்கடை வாயாலைதானே நம்பினவை."

"ஓம் பிள்ளை" என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அடுத்தநாள் கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர் விறாந்தையில் கூடியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். மதுரா கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"ஒரு விசயம் சொல்லவேணும்" என்றேன். "மதுராவைப் பற்றி."

"நில்லுங்கோ மச்சான், நில்லுங்கோ" என்று தவராசா எழும்பி, கைத்தொலைபேசியை எனக்கு நேரே பிடித்தார். "கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்களும் பாக்கட்டும். இப்ப சொல்லுங்கோ."

அதன் பின்பக்கத்தில் சின்ன வெளிச்சம் ஒன்று எரிந்தது. என் வாய் காய்ந்துபோனது. என்ன சொல்ல வேண்டும் என்பது முழுக்கத் தெரியும். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் அந்தப் பழைய சொல்தான் வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "நாளைக்கு எல்லாரும் வெள்ளெனவே வெளிக்கிடுவம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது கதவு நிலையில் மதுரா இல்லை.

7

அவள் பாற்செம்பு எடுக்கவில்லை. மாமிக்கு முன்னால் முழங்காலில் நின்று, "என்னாலை ஏலாது மாமி, கோவியாதையுங்கோ" என்றாளாம். தங்கச்சி அந்தச் செம்பைத் தானே தலையில் வைத்துக்கொண்டாள். தான் எடுத்தால் நேர்த்தி தீராது, ஆனாலும் சொன்ன நாளில் அம்மனை ஏமாற்றக்கூடாது என்றாள்.

பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். கோயில் வீதி மணல் கொதித்தது. மதுரா, மாமியின் வெள்ளைப் பஞ்சாபி உடுப்பு ஒன்றைப் போட்டு, முடியைப் பின்னி, வெறுங்காலோடு வந்திருந்தாள். கோயில் குழாயில் வாளியில் தண்ணீர் பிடித்து, மாமி கால் வைக்கிற இடத்துக்கு முன்னால் மணலில் ஊற்றிக்கொண்டே நடந்தாள். வாளி முடிந்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வருவாள். கோயிலைச் சுற்றுகிற மூன்றாம் வீதியில் தங்கச்சி ஒருக்கால் தடுமாறினாள். மதுரா வாளியைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கினாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்களும் ஓடிவந்து பிடித்தார்கள். செம்பு விழவில்லை.

நான் பின்னால் நடந்தேன். எனக்கு அந்த இளைஞர் மண்டபம் ஞாபகம் வந்தது.

மச்சான் எல்லாவற்றையும் படம் எடுத்தார். பின்னேரத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. வெள்ளை உடுப்போடு வாளி தூக்குகிற மதுரா, கீழே ஒரு வரி: "நோர்வேப் பிள்ளை அம்மன் அருளால் குணமடைந்தாள்." அவர் அதைச் சந்தோசத்தில்தான் எழுதினார், அவரில் எனக்குக் கோபமில்லை. மதுரா தன் கைத்தொலைபேசியை என் கையில் தந்து, நான் பார்த்து முடியும்வரை நின்றாள்.

மதுரா எழுதிய அந்தப் பழைய கடிதத்தை என் பேப்பர்ப் பையில் ஐந்து வருடமாக வைத்திருந்தேன். எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"இனி ஆருக்கு அனுப்புறது அப்பா? அந்த நிகழ்ச்சியே இப்ப இல்லை" என்றாள். அப்படியே மடித்துத் திரும்ப என்னிடம் தந்தாள்.

8

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தாளுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டுவதில்லை.

என் மகளுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. ஆகையால் அவள் குணமடையவும் இல்லை. அவள் பேஸ் கிற்றார் வாசிக்கிறாள், நன்றாக வாசிக்கிறாள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இசையைக் கேட்கிற பிள்ளைகளில் நான் கண்டவர்கள் விழுந்தவனைத் தூக்குகிறவர்கள். என் மகளைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஐஸ் பிடித்த றோட்டுக்குப் பயந்தேன், என் பேப்பருக்குப் பயந்தேன். அவள் என்னிடமிருந்து பிரிந்தது உண்மை. அதற்கு அவளுடைய பாட்டு காரணமில்லை. அந்தப் படம் உங்களிடம் இருந்தால் வைத்திருங்கள், அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பார்க்கிறபோது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எழுதி, வியாழக்கிழமை பின்னேரம் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். மதுரா உள்ளே இருந்தாள், கேட்டிருக்கும். தங்கச்சி கடைசி வரை கேட்டாள். முடித்த பிறகு, "உதை அண்டைக்கே ரெலிபோனிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றாள். எழும்பிப்போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தங்கச்சி மூன்று கோப்பை தேத்தண்ணி போட்டாள். ஒன்றை மதுராவுக்குக் கொடுத்தாள், ஒன்றை எனக்குக் கொடுத்தாள், மற்றதைத் தான் குடித்தாள். பத்து மணி பஸ்ஸில் மதுரா யாழ்ப்பாணம் பார்க்கத் தனியாகப் போனாள்.